சின்கோனா பட்டையும் தாளம் தப்பிய இதயமும்

ஊட்டிக்குப் போறவங்க தேயிலையையும் யூகலிப்டஸையும் பார்த்துட்டு வந்துடுவாங்க. அங்கே சின்கோனான்னு ஒரு மரம் வளர்த்தாங்க. அதுக்கும் இதயத்துடிப்புக்கும், கொள்ளைநோய்க்கும் ஒரு பழைய உறவு உண்டு.

1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து சின்கோனாவை இந்தியாவுக்குக் கொண்டு வர ஏற்பாடு செய்தார். ஊட்டி அரசுத் தோட்டத்தின் மெக்ஐவர் அதைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தெடுத்தார். எல்லாம் மலேரியாவுக்கான கொய்னா மருந்துக்காகத்தான். அந்தப் பட்டையிலிருந்துதான் அது வருது.

இதயம் எப்படி உள்ளே வந்தது? வென்கபாக் என்ற டச்சு மருத்துவரிடம் ஒரு வியாபாரி வந்தார். நாடி தாறுமாறா ஓடுது. கொய்னா சாப்பிட்டா நிக்குதுன்னு அவரே சொன்னார், மறுநாள் சீரான நாடியோடு வந்து காட்டவும் செய்தார்! 1914-இல் வென்கபாக் இதை எழுதி வைத்தார். 1918-இல் ஜெர்மனியில் வால்டர் ஃப்ரை, அதே பட்டையில் இருக்கிற குவினிடின் இன்னும் நல்லா வேலை செய்யுதுன்னு கண்டார்.

அதே 1918-இல்தான் விஷக்காய்ச்சல். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தாங்க. காய்ச்சல்னா கொய்னா என்ற பழக்கத்தில் அதற்கும் கொடுத்துப் பார்த்தாங்க. ஃப்ளூ கேட்கலை.

102 வருஷம் கழித்து அதே கதை. ஹைட்ராக்சிகுளோரோகுயின் பட்டையிலிருந்து எடுப்பதில்லை, செயற்கை மருந்து. ஆனா கொய்னா வம்சம். 2020 மார்ச் 22-இல் ஐ.சி.எம்.ஆர். அதை மருத்துவப் பணியாளர்களுக்கு முன்தடுப்பாகப் பரிந்துரைத்தது. இந்த வம்சத்துக்கு ஒரு குணம் உண்டு: தாளத்தைச் சீராக்கவும் செய்யும், சிலருக்குக் கெடுக்கவும் செய்யும். அதனால தாளம் கெடும் ஆபத்து உள்ளவங்களுக்கு ஈ.சி.ஜி. பார்த்துட்டுக் கொடுப்பதுதான் நல்லது. ஏப்ரலில் அமெரிக்க எஃப்.டி.ஏ. இதயத்துடிப்பு பற்றி எச்சரித்தது. ஜூனில் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு இதனால் பலன் இல்லைன்னு சொல்லிவிட்டது.

மருந்து கதை அத்தோட முடிஞ்சது. சிகிச்சை கதைதான் கஷ்டம்.

ஊரடங்கில் உலகம் முழுக்க அவசரமில்லாத இதயச் சிகிச்சைகளைத் தள்ளி வைத்தார்கள். இதயத்துக்குள் வயர் விட்டுக் கோளாறான இடத்தைச் சுட்டுச் சரிசெய்யும் அப்லேஷன் பெரும்பாலும் காத்திருக்கலாம். முழு ஹார்ட் பிளாக் காத்திருக்காது. நாடி 30, 35-க்கு இறங்கி ஆள் மயங்கி விழுவார். பேஸ்மேக்கர்தான் வழி.

அதுக்கு நீலகிரிக்காரர் மலை இறங்கணும். ஊட்டியிலிருந்து கோவை 85 கிலோமீட்டருக்கு மேல், கொண்டை ஊசி வளைவுகள் வேற. கூடலூர்க்காரங்க பலரும் கேரளாவுக்குப் போவாங்க, அந்த எல்லையும் அடைச்சாச்சு. மாவட்டம் தாண்ட இ-பாஸ். அவசர நோயாளிக்கு அனுமதி உண்டுதான். ஆனா தலைசுற்றல் அவசரமா இல்லையான்னு ஈ.சி.ஜி. எடுக்காம வீட்டில் யார் சொல்வது?

2020 மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இந்தியாவின் 187 மருத்துவமனைகளில் மாரடைப்புக்குச் சேர்ந்தவர்கள் முந்தைய வருஷத்தைவிட 35.4 சதவீதம் குறைவு. அத்தனை பேருக்கும் மாரடைப்பே வரலைன்னு நம்ப முடியுமா? பலர் வந்து சேரவில்லை என்பதுதான் நியாயமான ஊகம். மாரடைப்புக்கே இந்தக் கதின்னா, வந்து வந்து போகிற மயக்கத்துக்கு?

பேட்டரி தீரப் போகும் பேஸ்மேக்கர் ஏறக்குறைய மூணு மாசம் முன்னாடியே எச்சரிக்கை காட்டும். முதல் ஊரடங்கு மே 31 வரை 68 நாள். மார்ச்சில் எச்சரிக்கை வந்தவருக்கு மிச்சம் மூணே வாரம்.

அன்றைக்கு நீலகிரியில் மருத்துவக் கல்லூரி கிடையாது, அடிக்கல்லே 2020 ஜூலையில்தான். 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவமனை திறந்தாச்சு, சந்தோஷம். ஆனா அடுத்த கொள்ளைநோயில் எதைத் தள்ளி வைக்கலாம்னு பட்டியல் போடுறவங்க, வியாதியை மட்டும் பார்த்தால் போதாது. நோயாளி எந்த மலையில் இருக்கார், பாதை திறந்திருக்கா என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.