பேராக் ரப்பர் விநியோகச் சங்கிலி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பால்மரத் தோட்டம், ரப்பர் ஆலை, ரயில், துறைமுகம், பிற்காலத்தில் டயர், கையுறைத் தொழிற்சாலைகள் ஆகியவை ஒன்றோடொன்று பிணைந்து இயங்கிய முறையைப் பேராக் ரப்பர் விநியோகச் சங்கிலி என்கிறோம். மூலப்பொருள் கிடைக்கும் இடம் முதல் சரக்கு வாங்குபவரின் கிடங்கு வரை உள்ள கட்டங்களை ஒரே நிர்வாகத்தின் கீழோ நீண்டகால உடன்பாட்டின் கீழோ கொண்டுவருவது விநியோகச் சங்கிலி ஒருங்கிணைப்பு எனப்படும். நிர்வாகப் பாடநூல்கள் இந்தப் பெயரில் இதை 1980களுக்குப் பிறகே விரிவாகப் பேசத் தொடங்கின. பேராக் தோட்டங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்படித்தான் நடந்தன. ஆனால் பின்னாளில் தோட்டமும் கையுறைத் தொழிற்சாலையும் ஒரே மாநிலத்தில் அருகருகே நின்ற காலத்தில்கூட, ஒன்றின் பால் மற்றொன்றுக்குப் பெரிதாகப் போய்ச் சேரவில்லை.

தொடக்கம்

1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் ஒன்பதைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் தம் இல்லத் தோட்டத்தில் நட்டார். ஆனாலும் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு யாரும் ரப்பரைப் பெரிதாக மதிக்கவில்லை. பேராக்கில் அப்போது ஈயமே எல்லாம். மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது ஈயம் ஏற்றத்தான். கிந்தா பள்ளத்தாக்கின் சாலைகளையும் ஈப்போவின் வங்கிகளையும் பட்டறைகளையும் ஈயமே உருவாக்கியது. பின்னால் வந்த ரப்பர், ஈயம் போட்டுவைத்த தண்டவாளத்தில் ஏறிப் போனது. மோட்டார் வண்டி பெருகப் பெருக, காப்பித் தோட்டக்காரர்கள் காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டுப் பால்மரம் நட்டார்கள்; 1910-இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. பத்து காஜா அருகே பாதி கட்டப்பட்ட மாளிகையால் இன்று பெயர் தெரியும் வில்லியம் கெல்லி ஸ்மித், அந்தக் காலத்தில் கிந்தா கெல்லாஸ் தோட்டத்தை உருவாக்கியவர். 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்த பிறகு அவருடைய சொத்து ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. தனி முதலாளியின் தோட்டம் இப்படிப் பல தோட்டங்களை நிர்வகிக்கும் ஏஜென்சி நிறுவனத்தின் கைக்குப் போவது அன்றைய வழக்கம்தான்.

பாலும் நேரமும்

ஏன் எல்லாவற்றையும் ஒரே கையில் வைக்க வேண்டியிருந்தது என்பதற்குப் பாலின் குணமே விடை. மரத்திலிருந்து வடிந்த பால் சில மணி நேரத்தில் தானாகவே உறையத் தொடங்கும். வெயில் ஏறினால் மரம் பால் தராது. ஆகவே விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு, இருட்டிலேயே நிரைக்கு (மர வரிசைக்கு) போய் மரம் சீவுதல், மங்கு எனும் கிண்ணத்தில் நிரம்பிய பாலை வெயில் ஏறிய பிறகு வாளியில் சேர்த்தல், நண்பகலுக்குள் ஸ்டோர் எனப்படும் ஆலையில் ஒப்படைத்தல் என்று நாள் முழுவதும் ஒரே ஓட்டம். ஸ்டோரில் கிராணி (எழுத்தர்) பாலை நிறுத்து, பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை அதில் இறக்குவார். வயல் பாலில் சுமார் 30 சதவீதமே உலர்ந்த ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். கூலிக் கணக்கு உலர்ந்த ரப்பரின் எடைக்குத்தான். மழை நாளில் பால் நீர்த்துப்போனாலும் மெட்ரோலாக் சொன்னதே கடைசி வார்த்தை. வாளியில் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று ஒரு பக்கம் சந்தேகம், மெட்ரோலாக் பொய் சொல்கிறது என்று மறுபக்கம் முணுமுணுப்பு. தோட்டத்துச் சச்சரவுகளில் பாதி இந்தக் கருவியைச் சுற்றியே நடந்தன எனலாம்.

பிறகு பாலில் ஃபார்மிக் அமிலம் சேர்த்து உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் சில நாள் உலர்த்துவார்கள். மங்கில் ஒட்டியதும் வெட்டுக்கோட்டில் காய்ந்ததும் ஒட்டுப்பால்; அதற்குத் தனி விலை, குறைந்த விலை. இத்தனையும் தோட்டத்துக்குள்ளேயே முடியவேண்டும் என்பதால், ஆலை இல்லாத பெருந்தோட்டம் பேராக்கில் அரிது. தொழிற்சாலையை மூலப்பொருளின் வாசலில் வைத்தது முதலாளியின் சாமர்த்தியத்தைவிட இயற்கையின் கட்டாயம்.

ஏஜென்சி நிறுவனங்களின் காலம்

இந்தக் கட்டாயத்தின் மேல் தங்கள் வணிகத்தைக் கட்டியவை ஏஜென்சி நிறுவனங்கள். 1844-இல் தேயிலை வணிகத்தில் தொடங்கிய ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு, 1821 முதல் சிங்கப்பூரில் வணிகம் செய்த கத்ரி போன்றவை லண்டனில் கம்பெனி பதிந்து பங்கு விற்றன. தோட்டத்துக்கு மேலாளரை நியமித்தன. உரம், அமிலம், அரிசி வாங்கிக் கொடுத்தன. கப்பலில் இடம் பிடித்தன, காப்பீடு செய்தன. லண்டன் மின்சிங் லேன் சந்தையில் விற்றுத் தரகும் எடுத்தன. ரப்பர் விலை விழுந்தாலும் தரகு நிற்காது. சங்கிலியின் எல்லாக் கண்ணியிலும் கை வைத்திருப்பவருக்கு எந்தக் கண்ணியில் லாபம் காட்டுவது என்பது அவரவர் கணக்கு.

உழைப்பும் அதே சங்கிலியில் ஒரு கண்ணி. தோட்ட மேற்பார்வையாளரான கங்காணி தமிழகத்தில் தன் ஊருக்குத் திரும்பிப்போய் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்கள் வழியாகக் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கித் தோட்டத்துக்குப் போனார்கள். 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் எல்லோரும் தொழிலாளர் எண்ணிக்கைப்படி வரி கட்ட, அதிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. இன்னொரு தோட்டம் காசு கொடுத்து வரவழைத்த ஆளை இழுத்துக்கொள்ளும் போட்டி இதனால் தணிந்தது. தொழில்முறையாகப் பார்த்தால் மிகத் திறமையான ஏற்பாடு. மனிதரைச் சரக்காக எண்ணியதில்தான் அந்தத் திறமை இருந்தது. 1938-இல் இந்திய அரசு இவ்வகைக் குடியேற்றத்தை நிறுத்தியது.

ரப்பர் வாங்குபவர்களும் சும்மா இருக்கவில்லை. 1922 முதல் 1928 வரை பிரிட்டன் ஸ்டீவன்சன் திட்டத்தின்படி மலாயா, இலங்கை ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்தியது. அதில் சூடுபட்ட அமெரிக்கர்கள் சொந்தத் தோட்டம் தேடினார்கள். ஃபயர்ஸ்டோன் 1926-இல் லைபீரியாவுக்குப் போனது. ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் ஃபோர்டுலாந்தியாவைத் தொடங்கினார். இலைக்கருகல் நோயில் மரங்கள் பட்டுப்போக, அந்த இடம் 1945-இல் பிரேசில் அரசிடம் திரும்பிப் போனது. மரம் பிறந்த நாட்டில்தான் அதன் எதிரியும் இருந்தது.

அறுந்த காலம்

1942 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சியில் கப்பல் இல்லை, வாங்குபவர் இல்லை. தோட்டங்களில் மரவள்ளி நட்டார்கள். ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர் சயாம் பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்தார்கள். இதே காலத்தில் அமெரிக்கா எண்ணெயிலிருந்து செயற்கை ரப்பரைப் பெருமளவில் உற்பத்தி செய்யக் கற்றுக்கொண்டது. போர் முடிந்து சங்கிலி மறுபடி பிணைந்தபோது இயற்கை ரப்பருக்கு நிரந்தரப் போட்டியாளர் வந்துவிட்டிருந்தார்.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில், பின் சூன் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களால் கொல்லப்பட, அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நாட்டைவிட்டு வெளியேற நினைத்த வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கிய ஊக வணிகர்கள் அவற்றைத் துண்டு போட்டு மறுவிற்பனை செய்தார்கள். துண்டாடல் என்று தமிழர் இன்றும் சொல்லும் இந்தக் காலம், ஒருங்கிணைப்பு குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம். நிலம் பத்து இருபது ஏக்கராகப் பிரிந்தது. ஆலை பிரியவில்லை, மூடப்பட்டது. லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) இருந்தவர்களுக்கு வேலையோடு வீடும் போனது.

இதற்கு எழுந்த பதில் பேராக்கிலிருந்தே வந்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி (டாலர்) வீதம் கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சீவுபவரே தோட்டத்தின் பங்குதாரர் ஆவது உலக ரப்பர் வரலாற்றில் சாதாரண நிகழ்ச்சியல்ல. ஆனால் சங்கம் நிலத்தோடு நின்றது. ரப்பரைப் பொருளாக்கும் தொழிலில் தொழிலாளர் பணம் பெரிதாக இறங்கவில்லை. அன்று அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம் என்ற ஆதங்கம் இக்கட்டுரையாளருக்கு உண்டு.

தரம் என்னும் பிணைப்பு

புகைத் தகட்டைக் கண்ணால் பார்த்தே நெடுங்காலம் தரம் பிரித்தார்கள். டயர் தயாரிப்பவருக்கு இது பெரும் தொல்லை. ஒரே தரச் சீட்டுப் பெற்ற இரண்டு பொதி ஒரே மாதிரி வேகாது. 1925-இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இதற்கு விடை கண்டது. உறைந்த பாலில் சிறிது ஆமணக்கெண்ணெய் சேர்த்து உருளைகளுக்கிடையே விட்டால் அது பொடிப்பொடியாக உதிரும். அதை உலர்த்திக் கட்டியாக அழுத்தலாம். 1965-இல் அறிமுகமான மலேசியத் தர ரப்பர் திட்டத்தில் இவ்வகைக் கட்டிகள், அழுக்கின் அளவைச் சோதனைக்கூடத்தில் அளந்து, 33⅓ கிலோ எடையில் உறையிட்டு அனுப்பப்பட்டன. வாங்குபவரின் கலவை எந்திரத்துக்கு எது தேவையோ அதைத் தோட்டத்து ஆலையே உறுதி செய்யத் தொடங்கியது இங்கேதான். சொத்துரிமை இல்லாமலே இரண்டு தொழிற்சாலைகளைப் பிணைக்கத் தர அளவீடு போதும் என்பதை இது காட்டியது.

தைப்பிங் தொழிற்சாலைகள்

1987-இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் அச்சத்தால் மருத்துவமனைகளில் கையுறைத் தேவை பெருக, மலேசியாவில் கையுறை ஆலைகள் காளான்போல முளைத்தன. பல அதே வேகத்தில் மூடப்பட்டன. நிலைத்தவற்றில் சில பேராக்கில் இருந்தன: கமுந்திங்கில் லாடெக்ஸ் பார்ட்னர்ஸ், சூப்பர்மேக்ஸ், மாத்தாங்கில் கம்ஃபர்ட், சித்தியவானில் ஒய்டிஒய். கமுந்திங்கிலேயே சில்வர்ஸ்டோன் டயர் ஆலையும் எழுந்தது. பின்னர் அதை ஜப்பானின் டோயோ வாங்கி, பக்கத்தில் 2013-இல் புதிய ஆலையும் திறந்தது. சில்வர்ஸ்டோன் ஆலை 2024-இல் உற்பத்தியை நிறுத்தியது.

கையுறைக்கு வேண்டியது தகடோ கட்டியோ அல்ல, திரவப் பால். வயல் பாலில் அம்மோனியா கலந்து, சுழல் எந்திரத்தில் கடைந்து, 60 சதவீத ரப்பர் உள்ள செறிவுப் பாலாக்கினால் மாதக்கணக்கில் கெடாது. பீங்கான் கை அச்சுகள் சங்கிலியில் கோத்தபடி கால்சியம் நைட்ரேட் கரைசலிலும் பாலிலும் முங்கி, அடுப்பில் வெந்து, சுடுநீரில் அலசப்பட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். எனவே பால் தடையின்றி வந்தாக வேண்டும்.

அந்தப் பால் எங்கிருந்து வந்தது? தைப்பிங்கைச் சுற்றியிருந்த தோட்டங்கள் இதே ஆண்டுகளில் பால்மரத்தை வெட்டிச் செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்தன. செம்பனைக்கு ஆள் குறைவு, லாபம் கூடுதல். மிஞ்சிய ரப்பர் சிறுதோட்டக்காரர்களிடம் இருந்தது. தினமும் பாலைச் சுமக்க முடியாத அவர்கள் மங்கிலேயே உறையவிட்டுக் கட்டிப்பாலாக விற்றார்கள். கட்டிப்பால் டயருக்கு ஆகும், கையுறைக்கு ஆகாது. ஆகவே கையுறை ஆலைகள் செறிவுப் பாலைத் தாய்லாந்திலிருந்து வரவழைத்தன. உலகின் மிகப் பெரிய ரப்பர் உற்பத்தியாளர் என்ற இடமும் 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துக்கே போனது.

நிறுவனங்கள் மீது விளைவு

2011 தொடக்கத்தில் ரப்பர் விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனபோது, செலவில் பாதிக்குமேல் பாலுக்கே கொடுத்த கையுறை நிறுவனங்கள் தடுமாறின. சில நிறுவனங்கள் பின்னோக்கிப் போய் மூலப்பொருளை வாங்கின. அன்று கிள்ளானைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த டாப் குளோவ் தாய்லாந்தில் செறிவுப்பால் ஆலை வைத்திருந்தது. 2012-இல் இந்தோனேசியாவின் பாங்கா தீவில் 30,000 ஹெக்டேருக்கு மேல் நில உரிமையும் வாங்கியது. ஆஸ்திரியாவின் செம்பெரிட் 2012-இல் கமுந்திங் லாடெக்ஸை வாங்கியது. அதற்கு முன்பே தாய்லாந்தின் ஸ்ரீ திராங்குடன் செம்பெரிட்டுக்குக் கூட்டு நிறுவனம் இருந்தது. பால் ஒருவர் கையில், சந்தை இன்னொருவர் கையில். கூட்டாளிகளிடையே வழக்கு மூண்டு 2017-இல் பிரிந்தார்கள். காகிதத்தில் அழகாக இருக்கும் ஒருங்கிணைப்பு, கூட்டாளி பேச்சை நிறுத்திய நாளில் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மற்றவர்கள் பாலையே கைவிட்டு, பெட்ரோலிய வேதிப்பொருளிலிருந்து வரும் நைட்ரைலுக்கு மாறினார்கள். பால் புரதத்தால் வரும் ஒவ்வாமைப் புகார் இல்லை, விலை ஏற்ற இறக்கமும் குறைவு. போர்க்காலத்தில் இயற்கை ரப்பருக்கு எதிரியாக வந்த செயற்கை ரப்பர் இப்போது பேராக்கிலேயே குடியேறியது.

கொரோனா காலத்தில் உலகக் கையுறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மலேசியாவிலிருந்து போனது. லாபம் கொட்டியது. கூடவே சங்கிலியின் மறுமுனையும் வெளிச்சத்துக்கு வந்தது. நேபாளம், வங்கதேசத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் தரகருக்குக் கட்டிய கடனோடு வேலை செய்கிறார்கள் என்று கண்டு, அமெரிக்கச் சுங்கத் துறை 2021 அக்டோபரில் சூப்பர்மேக்ஸுக்கும் 2022 ஜனவரியில் ஒய்டிஒய்க்கும் இறக்குமதித் தடை விதித்தது. தடைக்குள்ளான மலேசிய நிறுவனங்கள் தரகுப் பணத்தைத் தொழிலாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. கங்காணியின் முன்பணத்துக்கும் இதற்கும் நூறாண்டு இடைவெளி, கணக்கு ஒன்றே.

பேராக்கின் பிற தொழில்களும் இதே பிணைப்புகளில் உள்ளன. ஈப்போவில் 1972 முதல் கார்செம் மின்னணுச் சில்லுகளைப் பொதிந்து தருகிறது. 2021 செப்டம்பரில் யூனிசெம்மின் ஈப்போ ஆலை தொற்றால் ஒரு வாரம் மூடப்பட்டபோது, ஏற்கெனவே சில்லுப் பற்றாக்குறையில் இருந்த உலகம் அதையும் கவனித்தது. தஞ்சோங் மாலிமில் 2003-இல் திறந்த புரோட்டோன் ஆலை, 2017-இல் சீனாவின் ஜீலி 49.9 சதவீதப் பங்கு வாங்கியபின் அதன் உதிரிபாக வலையில் சேர்ந்தது.

2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய காடழிப்புத் தடைச் சட்டத்தில் ரப்பரும் உண்டு. எந்த நிலத்து மரத்தின் பால் என்பதை வரைபடப் புள்ளியோடு காட்டினால்தான் சரக்கு உள்ளே போகும். சட்டத்தின் அமலாக்கம் தள்ளிப்போடப்பட்டாலும் ஏற்றுமதியாளர்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்கள். மலேசிய ரப்பரில் மிகப் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர் தருவது. கட்டிப்பாலை எடை போட்டு வாங்கும் வியாபாரிக்கும் மரம் சீவுபவருக்கும் இடையே ரசீது இல்லாத இடங்களில், இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை இனிமேல்தான் எழுத்தில் பதிய வேண்டும்.