லேபிள்ல இல்லாத பேருங்க

போன பொங்கலுக்கு பல்லடம் போயிருந்தப்ப, பனியன் கம்பெனி வெச்சிருக்கற மாமா ஒரு பீட்டில்ஸ் டி-ஷர்ட் குடுத்தாரு. "இதை யாருங்க மாமா தெச்சது?"ன்னு சும்மா கேட்டேன். "லேபிள்ல பார்ட்டி பேருதான் வரும் மாப்ள, தெச்சவன் பேரா வரும்?"ன்னு சிரிச்சாரு. எனக்கு அதே பீட்டில்ஸோட ஒரு இசைத்தட்டு ஞாபகம் வந்துச்சு.

1968 மார்ச் 15-ல இங்கிலாந்துல வந்த சிங்கிள் அது. சிங்கிள்னா பக்கத்துக்கு ஒரு பாட்டு. ஏ சைடுல 'லேடி மடோனா'. பி சைடுல 'தி இன்னர் லைட்'. ஜார்ஜ் ஹாரிசன் எழுதின பாட்டு பீட்டில்ஸ் சிங்கிள்ல வந்தது அதுதான் முதல் தடவை.

இப்ப மேட்டருக்கு வருவோம். அந்த பி சைடு பாட்டோட இசை முழுக்க பம்பாய்ல பதிவானது!

'வொண்டர்வால்' படத்துக்கு இசையமைக்க 1968 ஜனவரியில் ஹாரிசன் மட்டும் பம்பாய் எச்.எம்.வி ஸ்டுடியோவுக்கு வந்தார். திருவனந்தபுரத்துல பிறந்த பாஸ்கர் மேனன், அவருக்காக கல்கத்தாவிலிருந்து ரெக்கார்டிங் மெஷினை வரவழைச்சுக் கொடுத்தார். ஸ்டுடியோவுக்குள்ள ரோட்டு டாக்ஸி சத்தமெல்லாம் கேக்குமாம். (தறிச் சத்தத்துல வளர்ந்த எனக்கு இது பெருசா தெரியல!)

படவேலைக்கு நடுவுல ஜனவரி 12-ல இந்த மெட்டும் பதிவாச்சு. சரோத் ஆஷிஷ் கான், புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. கூடவே ஷெனாய், பக்காவாஜ், ஆர்மோனியம். கிடார், டிரம்ஸ் எதுவும் கிடையாது. வரிகள் சீனத்து 'தாவோ தே ஜிங்' நூலைத் தழுவினது. கேம்பிரிட்ஜ் சமஸ்கிருத ஆசிரியர் ஹுவான் மஸ்காரோ சொன்ன யோசனை அது. பிப்ரவரி 6-ல லண்டன்ல ஹாரிசன் பாடினார். 8-ந் தேதி லெனானும் மெக்கார்ட்னியும் கடைசியில குரல் சேர்த்தாங்க. தட்டு வெளிவந்த அன்னிக்கு ஹாரிசன் ரிஷிகேஷ்ல தியானத்துல இருந்தார்.

'லேடி மடோனா' இங்கிலாந்துல முதலிடம், அமெரிக்காவுல 4. 'இன்னர் லைட்' அமெரிக்கப் பட்டியல்ல 96-வது இடத்துல ஒரே ஒரு வாரம் எட்டிப் பார்த்துச்சு. பத்து வருஷத்துக்கு எந்த ஆல்பத்துலயும் வரலை. 1988-ல 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' சி.டி. வந்த பிறகுதான் சுலபமா கிடைச்சுது. பாட்டுக் குரல் இல்லாத பம்பாய் டேக் ஒண்ணு 2014-ல வெளியாச்சு.

சிங்கிள் லேபிள்ல 'தி பீட்டில்ஸ்', எழுதினவர் 'ஹாரிசன்'னு இருக்கு. வாசிச்ச நம்மாளுங்க பேர் ஒண்ணுகூட இல்லை. சிங்கிள்ல அப்ப அதுதான் வழக்கம், ஒத்துக்கறேன். ஆனா அதே வருஷம் நவம்பர்ல வந்த 'வொண்டர்வால் மியூசிக்' எல்.பி உறையில இந்தியக் கலைஞர்கள் பேரைப் போட்டாங்களே! மனசு வெச்சா போட முடியும்னுதானே அர்த்தம்?

டி-ஷர்ட் லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். சைஸ், துவைக்கற முறை, 'மேட் இன் இந்தியா'. அவ்வளவுதான்.

பாட்டைக் கேட்டுப் பாருங்க, மூணு நிமிஷம்கூட ஆகாது. கேக்கறப்ப ஆஷிஷ் கான் பேரையும் நினைச்சுக்கோங்க.