உலகளந்தவர்கள்

திருநீர்மலைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? பல்லாவரத்திலிருந்து மேற்கே திரும்பினால் அதிக தூரமில்லை. நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலத்தில் சேவை சாதிக்கிறார். படியேறி மேலே போனால் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார், நரசிம்மர் வீற்றிருக்கிறார், உலகளந்த பெருமாள் காலைத் தூக்கி நடக்கிறார். நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என்று நாலு கோலமும் ஒரே ஊரில் கிடைப்பது அபூர்வம்.

திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றி ஒரே வெள்ளமாம். வடிகிறவரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது ஐதிகம். சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது ஆழ்வாரின் பக்தியை நினைத்துத்தான் வியந்தேன். இப்போது வயதாகிவிட்டது. ஆழ்வாரைவிட அந்த வெள்ளத்தைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். யோசிக்க வைத்தவன் என் மருமகன், அதாவது என் தங்கையின் பிள்ளை.

தங்கையும் அவள் கணவரும் திருநீர்மலைக்கு அருகே, முன்பு வயலாக இருந்து பிறகு ‘நகர்’ ஆகிவிட்ட ஓர் இடத்தில், வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணம் முழுவதும் அந்தச் செங்கல்லுக்குள்தான் இருக்கிறது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை நம்மில் யார் மறந்திருக்கிறோம்? ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அடையாறு கரை கடந்தது. முடிச்சூர், வரதராஜபுரமெல்லாம் தீவுகளாயின. தங்கை வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். அரிசி மூட்டையும் கல்யாணப் போட்டோக்களும் ஒன்றாக மிதந்தன.

தண்ணீர் வடிந்த பிறகு அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான். “அண்ணா, ஆறு ரொம்ப தூரத்திலே இருக்கே! இந்தத் தண்ணி எங்கேயிருந்து வந்தது?”

இதற்குப் பதில் சொல்லத்தான் என் மருமகன் புறப்பட்டான். அவனுக்குக் கம்ப்யூட்டரில் உத்தியோகம். பழைய தேசப்படங்களைத் தேடிப் பிடித்து, அவற்றை இன்றைய தரையின்மீது அச்சாகப் பொருத்திப் பார்ப்பது அவனுடைய பொழுதுபோக்கு. சிலருக்குத் தபால்தலை, அவனுக்கு இது.

முன்பெல்லாம் நம் ஊர்ப் படத்தை நாமே பார்ப்பது சுலபமாக இருக்கவில்லை. கடலோரப் பகுதிகளின் விவரமான சர்வே படங்கள் பொதுஜனங்கள் கைக்குப் போகக் கூடாதென்று கட்டுப்பாடு இருந்தது. 2021 பிப்ரவரியில்தான் இந்திய அரசாங்கம் இந்த விதிகளைப் பெருமளவு தளர்த்தியது. அதற்கு வெகு காலம் முன்பே, ஸ்காட்லாந்திலும் டெக்ஸஸிலும் உள்ள நூலகங்கள் பழைய படங்களை நகலெடுத்து உலகத்துக்கே விரித்து வைத்துவிட்டன. நம் வீட்டுக் கிணற்றை அடுத்த வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பது மாதிரிதான். ஆனாலும் பார்க்க முடிகிறதே!

மருமகன் பிடித்த படம் மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் வரைந்தது, 1905-க்கு முந்தியது. ஓரத்தில் அச்சிட்டிருந்த தீர்க்கரேகை எண்களை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொடுத்தான். பொத்தானைத் தட்டினான். திருநீர்மலை, மலையோடும் பெருமாளோடும் புறப்பட்டுக் கிழக்கே பல்லாவரம் ரயில் பாதைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது!

“உன் இயந்திரத்துக்கு ஜுரமா?” என்றேன்.

“இயந்திரம் சரியாத்தான் இருக்கு, மாமா. வெள்ளைக்காரன் கணக்குத்தான் தப்பு” என்றான்.

விஷயம் இது. இந்தியப் படங்களின் தீர்க்கரேகைகளெல்லாம் சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்த வானாராய்ச்சி நிலையத்தை ஆதாரமாகக் கொண்டவை. 1792-ல் கட்டிய அந்த நிலையம் கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு கிழக்கே இருக்கிறதென்று வானத்தைப் பார்த்துக் கணக்கிட்டதில் சுமார் இரண்டரைக் கலை அதிகமாகிவிட்டது. பிற்காலத்தில் தந்தி வந்து, நேரத்தைத் துல்லியமாக ஒப்பிட முடிந்த பிறகுதான் பிழை தெரிந்தது. 1905-ஐ ஒட்டித் திருத்தினார்கள். இரண்டரைக் கலை என்றால் நம் பக்கத்தில் நாலரைக் கிலோமீட்டர். ஒரு நூற்றாண்டு காலம் இந்தியா முழுவதும் காகிதத்தில் இரண்டரைக் கலை கிழக்கே தள்ளி நின்றது. யாருக்கும் காலில் முள் குத்தவில்லை. எல்லாம் சேர்ந்து நகர்ந்தால் எதுவும் நகர்ந்ததாகத் தெரியாது அல்லவா?

இத்தனைக்கும் அந்த அளவை தொடங்கிய இடம் நம் பரங்கிமலைதான். வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி, பரங்கிமலை அடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல். கையிலிருந்தது நூறடி இரும்புச் சங்கிலி. அந்தச் சங்கிலிக்கே ஒரு ஜாதகம் உண்டு. மெக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழு அதைச் சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகக் கொண்டுபோயிற்று, சக்கரவர்த்திக்கு வேண்டியிருக்கவில்லை. அது கல்கத்தா வழியாகச் சுற்றி லாம்டன் கைக்கு வந்தது. சித்திரை வெயிலில் இரும்பு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் பிடித்து, பக்கத்தில் உஷ்ணமானி வைத்து, நானூறு தடவை எடுத்து எடுத்து வைத்தார்கள்.

அந்த ஒரு கோட்டின்மேல் முக்கோணம், அதன்மேல் முக்கோணம் என்று அடுக்கிக்கொண்டே போய்த்தான் கடைசியில் இமயமலை உயரத்தையும் கண்டார்கள். அரை டன் எடையுள்ள கோணமானியைக் கப்பலில் வரவழைத்தால், பிரெஞ்சுக்காரர்கள் வழியில் பிடித்துக்கொண்டு மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பெருந்தன்மையோடு அனுப்பி வைத்தார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிக் கருவி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்து, வாரக்கணக்கில் தட்டித் தட்டி நேராக்கினாராம். 1823-ல் அளந்துகொண்டு போகிற வழியிலேயே, ஹிங்கன்காட்டில் இறந்து போனார்.

ஆனால் நிலத்தை அளக்க வெள்ளைக்காரன்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தான் என்று யாரும் எண்ண வேண்டாம். ராஜராஜ சோழன் காலத்தில் தேசம் முழுவதையும் அளந்தார்கள். முதற் குலோத்துங்கன் 1086-ல் மறுபடி அளந்தான்; இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் ‘டூம்ஸ்டே’ கணக்கு எடுத்ததும் அதே வருஷந்தான். அளவுகோலுக்குச் சோழர் காலத்தில் ‘உலகளந்தான் கோல்’ என்று பெயர். மூவடியால் உலகை அளந்தவன் பெயரையே கோலுக்கும் சூட்டினார்கள் என்றால், அளக்கிற காரியத்தை எவ்வளவு புனிதமாக நினைத்திருக்க வேண்டும்!

செங்கற்பட்டுச் சீமை கும்பெனியார் கைக்கு வந்தபின், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்பவர் சுமார் இரண்டாயிரம் கிராமங்களைக் கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதியதை வைத்துத்தான் ஏரி எத்தனை, கோயில் எத்தனை, வீடு எத்தனை, யாருக்கு என்ன மானியம் என்றெல்லாம் பதிவாயிற்று. இக்கணக்குகளின் அருமையை நம் காலத்தில் எடுத்துக் காட்டியவர் தரம்பால். அவற்றைப் புரட்டினால், ஊர் என்பது ஏரிக்குக் கீழே அமைந்த ஒரு குடும்பம் என்பது விளங்கும்.

சரி, தங்கை வீட்டுக்கு வருவோம்.

ஓரத்து எண்களை நம்பக் கூடாதென்று ஆனபின் மருமகன் வேறு வழியில் இறங்கினான். பழைய படத்திலும் இருக்க வேண்டும், இன்றும் அசையாமல் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்களைத் தேடி இரண்டையும் முடிச்சுப் போடுவது. அவன் ‘கன்ட்ரோல் பாயிண்ட்’ என்றான். நான் சாட்சிகள் என்று வைத்துக்கொண்டேன். பரங்கிமலை உச்சி, பல்லாவரம் குன்று, ரயில் பாதையின் ஒரு வளைவு, இரண்டு ஏரிக்கரை மூலைகள், திருநீர்மலைக் கோயில் என்று ஆறு சாட்சிகளைக் கூண்டில் ஏற்றினான். இயந்திரம் பழைய காகிதத்தை இழுத்துச் சுருக்கித் தரையோடு பொருத்தியது. சிற்றேரி ஒன்றின் கலங்கலிலிருந்து அடையாற்றை நோக்கி ஓடும் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. அது நேராக என் தங்கையின் சமையலறைக்குள் புகுந்து வாசல் வழியாக வெளியேறியது!

பையன் அந்த உற்சாகத்திலேயே தாயாருக்குப் போன் செய்துவிட்டான். “அம்மா, நம்ம வீடே வாய்க்கால்மேலேதான் இருக்கு!”

அன்றிரவு தங்கை என்னோடு பேசினாள். அழவில்லை. “அவர் சாப்பிடலை, அண்ணா. முப்பது வருஷ சம்பாத்தியம். இதை விக்கவும் மனசு வரலை, விஷயம் தெரிஞ்சப்புறம் இன்னொருத்தர் தலையிலே கட்டவும் மனசு வரலை” என்றாள்.

எனக்கும் தூக்கம் வரவில்லை. காலையில் மருமகனிடம் போய், அந்த ஆறு சாட்சிகளையும் ஒவ்வொருவராக எனக்கும் காட்டச் சொன்னேன். ஐந்து பேர் முப்பது நாற்பது மீட்டருக்குள் ஒத்துப்போனார்கள். ஒருவர் மட்டும் தொண்ணூறு மீட்டர் விலகி நின்றார். யார் என்று பார்த்தால், நம் திருநீர்மலைக் கோயில்! அவன் ஆகாயத்திலிருந்து எடுத்த போட்டோவில் பளிச்சென்று தெரிந்த அடிவாரக் கோபுரத்தில் புள்ளி வைத்திருந்தான். பழைய படத்தின் குறியோ மலை உச்சியில் இருந்தது.

“டேய், இந்த ஊரில் கோயில் இரண்டு. படியேறிப் பார்த்தவனுக்குத் தெரியும்” என்றேன். இத்தனை வருஷம் மூச்சிரைக்கப் படியேறியதற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது.

புள்ளியை மலைமேல் ஏற்றியதும் வாய்க்கால் ஐம்பது மீட்டர் நகர்ந்தது. தங்கை வீட்டை விட்டு அடுத்த தெருவுக்குள் போயிற்று. நான் ஒரு பெருமூச்சு விட்டு, நல்ல சேதியைத் தங்கைக்குச் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அடுத்த தெருவிலே இருக்கிறவாளும் என்னை மாதிரிதானே அண்ணா வாங்கியிருப்பா?” என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மருமகனும் அதற்குள் அவசரப் புத்தியை விட்டிருந்தான். “மாமா, இந்தப் படத்திலே ஒரு மில்லிமீட்டர் தரையிலே 63 மீட்டர். பென்சில் கோட்டுக்குள்ளேயே ரெண்டு வீடு அடங்கிடும். ஏரி இருந்ததா, வாய்க்கால் இருந்ததான்னு கேட்கலாம். எந்த வீட்டு வழியாப் போச்சுன்னு இதுகிட்டே கேட்கறதே தப்பு” என்றான். இந்த வார்த்தையை அவன் முதல் நாளே சொல்லியிருந்தால் மாப்பிள்ளை ஒரு வேளை சாப்பாட்டை இழந்திருக்க மாட்டார்.

ஆகவே கிராம வரைபடத்தைத் தேடினோம். மைலுக்குப் பதினாறு அங்குலம் கணக்கில் வரைந்தது. அதில் ஒரு மில்லிமீட்டர் நாலே மீட்டர். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு சர்வே எண். வாய்க்காலுக்கும் தனி எண். பாம்பு போல் நீண்டு கிடந்தது. பதிவேட்டில் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று ஸ்பஷ்டமாக எழுதியிருந்தது. பொருத்திப் பார்த்தோம். வாய்க்கால் தங்கை வீட்டுக்குள்ளும் போகவில்லை. அடுத்த தெரு வீடுகளுக்குள்ளும் போகவில்லை. இரண்டு தெருக்களின் கொல்லைப்புறங்களுக்கு நடுவே போயிற்று. மனை பிரித்து விற்றவர், இந்தப் பக்கம் கொஞ்சமும் அந்தப் பக்கம் கொஞ்சமுமாக அதை இரண்டு வரிசைக்கும் பங்கு போட்டுவிட்டிருக்கிறார். மிச்சம் இருந்தது ஒரு சாக்கடை.

இதுவும் எங்கள் கணக்குத்தான். ஐந்தாறு மீட்டர் முன்பின் இருக்கலாம். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நிலத்தில் நின்று அளக்கிற சர்வேயர். தங்கை தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தாள். “உனக்கு எதிராக நீயே மனுவா?” என்று பலர் சிரித்தார்கள். சர்வேயர் வந்தார், பழைய எல்லைக்கல் ஒன்றைப் புதரிலிருந்து கண்டுபிடித்தார், அளந்தார். கொல்லையில் ஆறடி அகலம் வாய்க்காலுக்குச் சேர்ந்தது என்றார். துளசி மாடமும் துணி துவைக்கிற கல்லும் அதற்குள் இருந்தன.

தங்கை சுவரை இடித்து ஆறடி உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டாள். வரிசையில் இன்னும் இரண்டு வீட்டார் அப்படிச் செய்தார்கள். மற்றவர்கள் செய்யவில்லை. ஆகையால் அடுத்த பெருமழைக்கும் அந்தத் தெருவில் தண்ணீர் வரத்தான் செய்யும். இதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. தேசப்படம் வாய்க்காலைக் காட்டும், வெட்டித் தராது.

போன மாதம் அவளையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு திருநீர்மலைக்குப் போனேன். மேலே நின்று பார்த்தால் நாலு புறமும் வீடுகள். வடகிழக்கே மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குகிறது. நடுநடுவே ஏரிகளின் மிச்சம் பளபளக்கிறது. உலகளந்த பெருமாள் சந்நிதியில் தீர்த்தம் வாங்கிக்கொண்டு தங்கை சொன்னாள்:

“மகாபலிகிட்டே இவர் மூணடிதான் கேட்டார். எங்கிட்டே சர்வேயர் ஆறடி வாங்கிண்டு போயிட்டார், அண்ணா!”

மாப்பிள்ளை சிரித்தார். அந்த வீடு கட்டிய பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.