பிரெஞ்சுக் குற்றத் திரைப்படம்

குற்றத்தையும் குற்ற விசாரணையையும் கதைப்பொருளாகக் கொண்டு பிரான்சில் எடுக்கப்பட்ட படங்களின் வகை. பேச்சுவழக்கில் 'போலார்' எனப்படும். துப்பறியும் நாவலுக்கும் அங்கே இதே பெயர்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இவ்வகைப் படங்கள் வந்துகொண்டிருந்தாலும், 1954 முதல் 1970 வரையிலான காலமே இதற்கு உலகப் பெயரைத் தேடித்தந்தது. அக்காலத்துச் சிறந்த படங்கள் குற்றத்தை ஒரு தொழிலாகப் பார்த்தன. கருவிகளைத் தேர்ந்தெடுப்பது, காவலாளி வந்துபோகும் நேரத்தைக் குறித்துக்கொள்வது, ஓசையில்லாமல் தளத்தைத் துளைப்பது, கூட்டாளியை நம்புவது என ஒரு வேலை நடக்கும் விதத்தை அவை பொறுமையாகக் காட்டின. பிரிட்டன், இத்தாலி, ஜெர்மனி ஆகிய நாடுகளிலும் குற்றப்படங்கள் திரளாக வந்துள்ளன. ஆனால் வேலை செய்யும் கைகளின்மீது இத்தனை ஈடுபாடு காட்டிய மரபு ஐரோப்பாவில் வேறில்லை எனலாம்.

தோற்றம்

இவ்வகையின் மிகப் பழைய படங்களுள் ஒன்று ஃபெர்டினான்ட் செக்கா 1901-இல் பாத்தே நிறுவனத்துக்காக எடுத்த 'ஒரு குற்றத்தின் கதை'. பாரிசின் கிரேவன் மெழுகுச்சிலைக் காட்சியகத்தில் இருந்த காட்சித்தொடரைத் தழுவியது. கொலை, கைது, சிறையில் கொலைகாரன் காணும் கனவு, கடைசியில் கில்லட்டின் என எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். அடுத்து விக்தோரன் ழாஸே 'நிக் கார்ட்டர்', 'ஸிகோமார்' ஆகிய தொடர்களை எடுத்தார்.

லூயி ஃபெயாத் கோமோன் நிறுவனத்துக்காக இயக்கிய 'ஃபான்தோமாஸ்' 1913, 1914 ஆண்டுகளில் 5 பகுதிகளாக வெளிவந்தது. பியேர் சுவெஸ்த்ர், மார்செல் அலென் இருவரும் சேர்ந்து எழுதிய மலிவுவிலை நாவல்களே இதற்கு மூலம். முகம் மாற்றி முகம் மாற்றித் தப்பும் குற்றவாளி இதில் ஒருபோதும் முழுமையாகப் பிடிபடுவதில்லை. அடுத்து வந்த 'லே வாம்பீர்' (1915–16) 10 பகுதிகள் கொண்டது. உடலோடு ஒட்டிய கறுப்பு உடையில் கூரைமேல் ஏறும் இர்மா வெப்பாக முசிதோரா நடித்தார். போர்க்காலப் பாரிசின் வெறிச்சோடிய தெருக்களிலேயே ஃபெயாத் பல காட்சிகளைப் பிடித்தார். அந்த வெறுமை எந்த அரங்க அமைப்பாலும் கிடைத்திருக்காது. குற்றத்தைப் புகழ்வதாகக் கூறிக் காவல்துறை இத்தொடரைச் சிறிதுகாலம் தடுத்து வைத்தது. முசிதோராவே அதிகாரியை நேரில் சந்தித்துப் பேசித் தடையை விலக்கினார் என்றொரு செய்தி வழங்குகிறது. இதை எல்லா வரலாற்றாசிரியர்களும் ஏற்பதில்லை.

1920-களில் இவ்வகை பெரும்பாலும் தொடர்படங்களாகவே நீடித்தது.

ஒலிப்படத்தின் வருகை முதல் போர் முடியும்வரை

ஜார்ஜ் சிமெனோன் படைத்த காவல் அதிகாரி மெக்ரே திரைக்கு வந்தது 1932-இல். ழான் ரெனுவார் இயக்கிய 'லா நுயி த்யு கார்ஃபூர்' (நாற்சந்தியில் இரவு) படத்தில் இயக்குநரின் அண்ணன் பியேர் ரெனுவார் அவ்வேடத்தை ஏற்றார். மழை, மூடுபனி, பெட்ரோல் நிலையம், இரவில் ஒலிக்கும் கார் எஞ்சின் ஆகியவற்றால் ஆன இப்படத்தில் கதை ஆங்காங்கே அறுபட்டு நிற்கும். படச்சுருள்கள் சில தொலைந்துபோனதே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அக்காட்சிகள் எடுக்கப்படவே இல்லை என்போரும் உண்டு. எதுவாயினும், அந்த இருட்டின் அழுத்தத்துக்கு இணையான படம் அப்பத்தாண்டில் அரிது.

ஜூலியன் துவிவியேயின் 'பெப்பே லு மோக்கோ' (1937) ழான் காபனைப் பெரும் நட்சத்திரமாக்கியது. அல்ஜியர்ஸ் நகரின் கஸ்பா பகுதிக்குள் அரசன்போல் வாழ்ந்தாலும் அதைவிட்டு வெளியேற முடியாத திருடனின் கதை. அடுத்த ஆண்டே ஹாலிவுட் இதை மறுபடி எடுத்தது. மார்செல் கார்னேயின் 'லு ழூர் ஸ லேவ்' (1939) போன்ற படங்களைக் குற்றப்படங்களுள் சேர்ப்பதா, கவித்துவ யதார்த்தவாதம் என்ற தலைப்பில் வைப்பதா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. 'ஃபிலிம் நுவார்' என்ற பெயரை 1946-இல் அமெரிக்கப் படங்களுக்குச் சூட்டியவர் விமர்சகர் நினோ ஃபிராங்க் என்பதே பரவலான கருத்து. போருக்கு முன்பே பிரெஞ்சுப் பத்திரிகைகள் உள்நாட்டுப் படங்களை அப்பெயரால் குறித்துள்ளன என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர்.

ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது ஜெர்மன் பணத்தில் இயங்கிய கோந்தினெந்தால் நிறுவனத்துக்காக ஆன்றி-ழார்ஜ் குளூஸோ 'லு கோர்போ' (காகம், 1943) படத்தை எடுத்தார். சிற்றூரொன்றில் மொட்டைக் கடிதங்கள் பரப்பும் நஞ்சே கதை. படம் எல்லாத் தரப்பையும் சினங்கொள்ளவைத்தது. விடுதலைக்குப்பின் அவர் படமெடுக்கத் தடை விதிக்கப்பட்டு, 1947-இல் 'கே தேஸ் ஓர்ஃபேவ்ர்' வழியாகத் திரும்பினார். இதில் லூயி ழுவே நடித்த காவல் அதிகாரி, காலனி நாட்டிலிருந்து கூட்டிவந்த மகனைத் தனியாளாக வளர்ப்பவர்; களைத்தவர், கூர்மையானவர். காவல் அதிகாரியை மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் மனிதனாகக் காட்டிய வகையில் பின்வந்த பல படங்கள் இப்படத்துக்குக் கடன்பட்டவை.

1954–1970

மார்செல் துயாமெல் 1945-இல் காலிமார் பதிப்பகத்தில் தொடங்கிய 'சேரி நுவார்' நாவல் வரிசை இக்காலப் படங்களுக்குக் கதைகளை அள்ளித்தந்தது. தொடக்கத்தில் பெரும்பாலும் மொழிபெயர்ப்புகளை வெளியிட்ட அவ்வரிசையில் ஆல்பெர் சிமோனன், ஓகுஸ்த் லு பிரெத்தோன் போன்ற பாரிஸ் எழுத்தாளர்களும் இடம்பெற்றதும், அந்நகரத்துத் திருடர்களின் பேச்சு திரைக்கு வந்தது.

சிமோனன் நாவலிலிருந்து ழாக் பெக்கேர் எடுத்த 'துஷே பா ஓ கிரிஸ்பி' (1954) இக்காலத்தின் வாயில். தங்கக் கட்டிகளைக் கொள்ளையடித்து முடித்தபின்தான் படமே தொடங்குகிறது, கொள்ளை காட்டப்படுவதில்லை. ஓய்வுபெற விரும்பும் மாக்ஸ், நண்பன் ரித்தோனைத் தன் மறைவிடத்துக்கு அழைத்துவருகிறான். அலமாரியைத் திறந்து ரஸ்க்கும் இறைச்சிப் பசையும் ஒயினும் எடுத்து வைக்கிறான். இருவரும் மெதுவாகச் சாப்பிடுகிறார்கள். பிறகு நண்பனுக்கு இரவு உடையும் துண்டும் பல்துலக்கியும் எடுத்துக் கொடுக்கிறான். இந்தச் சில நிமிடங்களில் துப்பாக்கி இல்லை, மிரட்டல் இல்லை; ஆனால் வயதாகிவரும் இரண்டு மனிதர்களின் இருபதாண்டு நட்பு முழுதும் தெரிந்துவிடுகிறது. போருக்குப்பின் மங்கியிருந்த காபனின் புகழ் இப்படத்தால் மீண்டது. அவ்வாண்டு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. முன்னாள் மல்யுத்த வீரர் லினோ வெந்துரா திரையில் முதன்முதலாகத் தோன்றியதும் இதில்தான்.

மறு ஆண்டு வந்த 'த்யு ரிஃபிஃபி ஷே லேஸ் ஓம்' (சுருக்கமாக 'ரிஃபிஃபி') எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கியது. இயக்குநர் ஜூல்ஸ் டாசின் கம்யூனிஸ்டு என்று காட்டிக்கொடுக்கப்பட்டு ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்ற அமெரிக்கர். சில ஆண்டுகளாக வேலையின்றி இருந்தார். லு பிரெத்தோனின் நாவலில் சில பக்கங்களே வரும் நகைக்கடைக் கொள்ளையை அவர் ஏறத்தாழ அரைமணி நேரக் காட்சியாக விரித்தார். அதில் ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை, இசையும் இல்லை. மேல்மாடித் தளத்தில் சிறு துளையிட்டு, அதன் வழியே குடையொன்றை நுழைத்துக் கீழ்ப்பக்கம் விரிக்கிறார்கள். உதிரும் காரைத்துண்டுகள் ஓசையின்றி அதில் விழுகின்றன. எச்சரிக்கை மணியைத் தீயணைப்பான் நுரையால் அடைக்கிறார்கள். இசையமைப்பாளர் ழார்ஜ் ஓரிக் இக்காட்சிக்கென இசை எழுதியிருந்தார் என்றும், இசையோடும் இல்லாமலும் பார்த்தபின் அவரே அது தேவையில்லை என ஒப்புக்கொண்டார் என்றும் டாசின் கூறியுள்ளார். 1955 கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது இவருக்கும் சோவியத் இயக்குநர் செர்கெய் வசீலியேவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. படத்தைப் பார்த்துத் திருட்டு கற்றார்கள் என்று சில நாடுகளில் புகார் எழுந்ததாகச் சொல்வர். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு விளம்பரம் என்று பிரிப்பது கடினம்.

பெக்கேரின் கடைசிப் படம் 'லு த்ரூ' (துளை, 1960) இம்மரபின் உச்சங்களுள் ஒன்று. 1947-இல் பாரிசின் லா சாந்தே சிறையில் நடந்த தப்பியோடும் முயற்சியே கதை. அம்முயற்சியில் பங்கேற்ற ழோசே ஜியோவானி அதை நாவலாக்கினார். பங்கேற்ற இன்னொருவரான ழான் கெரோதி படத்தில் தன்னையொத்த பாத்திரத்திலேயே நடித்தார். நடிகர் பலர் திரைக்குப் புதியவர்கள். கட்டிலிலிருந்து கழற்றிய இரும்புத்துண்டால் சிறையறையின் தளத்தை உடைக்கும் காட்சி ஏறத்தாழ 4 நிமிடம் வெட்டின்றி ஓடுகிறது. கைகள் மாறுகின்றன, அடி நிற்பதில்லை, கடைசியில் காங்கிரீட் உண்மையாகவே உடைகிறது. பல்துலக்கியில் கண்ணாடிச் சில்லைக் கட்டிக் காவலாளியை வேவு பார்க்கிறார்கள். மருந்துக் குப்பிகளில் மணல் நிரப்பி நேரம் அளக்கிறார்கள். கதை முடியும்வரை பின்னணி இசை கிடையாது. படம் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன் பெக்கேர் காலமானார். ஜியோவானி பின்னர் இவ்வகையின் முதன்மைக் கதையாசிரியர்களுள் ஒருவரானார். ஆக்கிரமிப்புக் காலத்தில் அவர் ஜெர்மானியரோடு ஒத்துழைத்த செய்தி 1993-இல் சுவிஸ் நாளிதழ்கள் வழியே வெளியானது. நட்பும் விசுவாசமும் பேசும் அவரது கதைகளை அதன்பின் பலரால் பழையபடி வாசிக்க இயலவில்லை.

'புதிய அலை' எனப்பட்ட பிரெஞ்சுத் திரை இயக்கத்தைச் சேர்ந்த இயக்குநர்களும் குற்றக்கதைகளை நாடினர். லூயி மாலின் 'அசான்சர் பூர் லேஷஃபோ' (1958) படத்துக்கு மைல்ஸ் டேவிஸ், காட்சிகளைத் திரையில் பார்த்தபடியே இசை அமைத்தார். ழான்-லூக் கோதாரின் 'அ பூ த சூஃப்ல்' (1960) குற்றப்படமா, குற்றப்படங்களைப் பற்றிய படமா என்ற விவாதம் தொடர்கிறது. அதே ஆண்டு வந்த த்ரூஃபோவின் 'திரே சுயூர் லு பியானிஸ்த்' பற்றியும் இதே ஐயம் உண்டு.

இக்காலத்தின் நடுநாயகம் ழான்-பியேர் மெல்வில் (1917–1973). இயற்பெயர் குரும்பாக். நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தபோது, தாம் போற்றிய அமெரிக்க நாவலாசிரியரின் பெயரைப் புனைபெயராக ஏற்று அதையே வைத்துக்கொண்டார். பாரிசின் ழென்னர் தெருவில் சொந்தப் படப்பிடிப்புத்தளம் வைத்திருந்தது அவருக்கு அரிய சுதந்திரத்தைத் தந்தது. 'பாப் லு ஃப்ளாம்பர்' (1956) விடியற்காலை மோன்மார்த்ரை ஆன்றி தெக்காயின் ஒளிப்பதிவில் காட்டியது. புதிய அலைக்கு இது முன்னோடி. 'லு தூலோஸ்' (1962), 'லு தூசியெம் சூஃப்ல்' (1966) ஆகியவற்றுக்குப்பின் வந்தது 'லு ஸமுராய்' (1967). அலென் தெலோன் நடித்த கூலிக்கொலையாளி ழெஃப் கோஸ்தெல்லோ, சாம்பல்நிற அறையில் கூண்டுப் பறவையொன்றோடு வாழ்பவன். முதல் 10 நிமிடம் அளவுக்கு உரையாடலே இல்லை. கார் திருடும்போது அவன் சாவிக்கொத்திலிருந்து ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கிறான், முகம் அசைவதில்லை. படம் எடுக்கப்பட்ட 1967-இன் கோடையில் ழென்னர் தெருத் தளம் எரிந்துபோனது. அப்பறவையும் அதில் இறந்ததாகக் கூறப்படுகிறது. சாமுராய் நூலிலிருந்து எடுத்ததாகப் படத்தின் தொடக்கத்தில் வரும் மேற்கோள் மெல்விலே எழுதியது. 'லு செர்க்ல் ரூழ்' (சிவப்பு வட்டம், 1970) தொடக்கத்தில் புத்தர் பெயரால் வரும் மேற்கோளும் அப்படியே.

பாரிசின் வாந்தோம் சதுக்கத்து நகைக்கடைக் கொள்ளையை நடுவில் கொண்ட 'லு செர்க்ல் ரூழ்', 'ரிஃபிஃபி'க்கு 15 ஆண்டு கழித்து எழுதப்பட்ட மறுமொழி எனத் தகும். இங்கும் கொள்ளை முழுதும் பேச்சின்றி நடக்கிறது. ஈவ் மோந்தான் நடித்த முன்னாள் காவல்துறைக் குறிவீரர், குடியால் கெட்டவர், தனக்கான தோட்டாவைத் தானே உலோகம் உருக்கி வார்க்கிறார். வேலை கிடைத்ததும் அவர் கை நடுக்கம் நின்றுவிடுகிறது. நகைச்சுவை நடிகராகவே அறியப்பட்ட பூர்வில், தனிமையில் பூனைகளுக்கு உணவு வைக்கும் காவல் அதிகாரியாக நடித்தார்; படம் வெளிவரும் முன்பே இறந்துபோனார். பிரான்சில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்த இப்படமே மெல்விலின் பெருவெற்றி. 'அன் ஃப்ளிக்' (1972) அவரது கடைசிப் படம். ஹாங்காங் இயக்குநர் ஜான் வூ முதலிய பலர் தம் ஆசானாக அவரைக் குறிப்பிட்டுள்ளனர்.

1970-க்குப் பின்

1968 மாணவர் எழுச்சிக்குப்பின் காவல்துறைமீதான ஐயம் படங்களில் ஏறியது. ஈவ் புவாசேயின் 'அன் கோந்தே' (1970) இதற்குச் சான்று. ஷப்ரோலின் 'லு பூஷே' (1970) குற்றத்தைச் சிற்றூரின் அன்றாடத்துக்குள் கொண்டுவைத்தது. அலென் கோர்னோவின் 'சேரி நுவார்' (1979) படத்தில் பத்ரீக் துவேரின் நடிப்பு மறக்க முடியாதது. உரையாடல் எழுத்தாளர் ழார்ஜ் பெரெக். பெர்த்ரான் தவேர்னியேயின் 'எல்.627' (1992) தற்காலிகக் கொட்டகையில் பற்றாக்குறையோடு இயங்கும் போதைப்பொருள் தடுப்புப் பிரிவைக் காட்டியது. அதன் கதையை அவரோடு சேர்ந்து எழுதியவர் காவல்துறையில் பணியாற்றியவர். '36 கே தேஸ் ஓர்ஃபேவ்ர்' (2004) இயக்கிய ஒலிவியே மர்ஷாலும் முன்னாள் காவலரே. பல படங்களுக்குக் களமான அம்முகவரியிலிருந்து குற்றப்புலனாய்வுத் தலைமையகம் 2017-இல் வேறு தெருவுக்கு மாறியது. 36 என்ற கதவு எண்ணை மட்டும் உடன் கொண்டுபோயிற்று.

ழாக் ஓதியாரின் 'அன் ப்ரோஃபேத்' (2009) சிறைக்குள் ஒரு வட ஆப்பிரிக்க வழிவந்த இளைஞன் தொழில் கற்று உயர்வதைச் சொல்லி, கான் விழாவின் கிராண்ட் பிரீ பெற்றது. அவருடைய 'தீபன்' (2015) அவ்விழாவின் தங்கப் பனை விருதை வென்றது. இதன் பெரும்பகுதி உரையாடல் தமிழில் உள்ளது. இலங்கைப் போரிலிருந்து தப்பிய முன்னாள் போராளி, முன்பின் அறியாத பெண்ணோடும் சிறுமியோடும் குடும்பமாக நடித்து பிரான்சுக்கு வந்து, போதைப்பொருள் கும்பல் ஆளும் புறநகர்க் குடியிருப்பொன்றில் பராமரிப்பாளர் ஆகிறார். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் 'கொரில்லா', 'ம்' நாவல்களை எழுதிய ஷோபாசக்தி; உடன் காளீஸ்வரி சீனிவாசன். அந்தப் பராமரிப்பாளர் குப்பை அகற்றுவதும், பழுதான மின்தூக்கியைச் சரிசெய்வதும், கடிதங்களைப் பிரித்து வைப்பதும் பெக்கேரின் கைகளை நினைவூட்டும் பொறுமையோடு படமாக்கப்பட்டுள்ளன. துப்பாக்கிச் சண்டையில் முடியும் இறுதிப்பகுதி முன்பகுதியோடு ஒட்டவில்லை என்பது சிலர் கருத்து. அதுவரை அடக்கிவைத்த போர் வெடிப்பது இயல்பே என்பது மற்றவர் கருத்து.

தொலைக்காட்சித் தொடர்களுள் 'ஆங்ரெனாழ்' (2005–2020) குறிப்பிடத்தக்கது. தொமினிக் மோலின் 'லா நுயி த்யு 12' (2022), இளம்பெண்ணொருத்தியின் கொலையை விசாரிக்கும் காவலர்களைப் பின்தொடர்கிறது, கொலையாளி கண்டுபிடிக்கப்படுவதில்லை. 2023-இல் சிறந்த படத்துக்கான செசார் விருதைப் பெற்றது.