குளிர்காலத்தில் காரின் மைலேஜ் குறைதல்

காற்றின் வெப்பநிலை தாழும்போது, ஒரு லிட்டர் எரிபொருளில் கார் ஓடும் தொலைவு சுருங்குவதை இது குறிக்கும். உறைபனி விழும் நாடுகளில் இழப்பு பெரிது. 25 டிகிரி செல்சியஸில் கிடைக்கும் நகர மைலேஜ் −7 டிகிரியில் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைகிறது என்றும், ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டங்களில் 24 விழுக்காடு வரை போகலாம் என்றும் அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. தமிழகச் சமவெளியில் இழப்பு இதில் சிறு பங்குதான். காரணங்கள் மட்டும் அவையே. சென்னையிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டரில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இருக்கும் விக்கிரவாண்டி இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தோதான ஊர். திருச்சி நெடுஞ்சாலையின் தொலைதூர வண்டிகளும் பக்கத்து ஊர்களுக்குப் போய்வரும் வண்டிகளும் இங்கே ஒரே சாலையில் ஓடுகின்றன.

முதற்காரணம் இன்ஜின் சூடேறும் நேரம். குளிர்விப்பு நீர் 90 டிகிரியை நெருங்கும்போதுதான் இன்ஜின் சிக்கனமாக ஓடும். சித்திரையில் 35 டிகிரியில் ஸ்டார்ட் செய்தால் 55 டிகிரி ஏற வேண்டும். மார்கழி விடியலில் 20 டிகிரியில் ஸ்டார்ட் செய்தால் 70 டிகிரி. அதுவரை ஆயில் தடித்திருக்கும், உராய்வு கூடும், பெட்ரோலும் கூடுதலாகச் செல்லும். விக்கிரவாண்டியில் கிளம்பி முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் நிற்கும் கார் முழுச் சூடு ஏறுவதற்குள் பயணத்தை முடித்துவிடுகிறது. சென்னையில் புறப்பட்ட காருக்கோ இந்த இழப்பு தாம்பரம், பெருங்களத்தூரிலேயே தீர்ந்துவிடும்; மீதி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் அது கரைந்துபோகும்.

கூடுதல் பெட்ரோல் ஏன் தேவை என்பதைப் பழைய கார்களே தெளிவாகக் காட்டின. பெட்ரோல் ஆவியானால்தான் எரியும். குளிர்ந்த சிலிண்டர் சுவரில் படும் துளிகள் ஆவியாகாமல் அங்கேயே ஒட்டிக்கொள்வதால், எரியக்கூடிய கலவை கிடைக்க அளவுக்கு மீறி ஊற்ற வேண்டியிருக்கிறது. சூடான இன்ஜினுக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று சரியான விகிதம். கார்புரேட்டரின் வாயை மூடிக் காற்றைக் குறைத்து, கலவையைத் தடிப்பாக்கும் தகடுதான் சோக். 1950களின் இறுதியில் வந்த அம்பாசிடரிலும், 1961 முதல் இதே திருச்சி நெடுஞ்சாலையின் வண்டலூர் ஆலையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் அதற்கான இழுகுமிழ் டாஷ்போர்டில் இருந்தது. குளிர்ந்த காலையில் டிரைவர் குமிழை இழுத்து ஸ்டார்ட் செய்வார். இன்ஜின் சீராக ஓடத் தொடங்கியதும் மெல்ல உள்ளே தள்ளுவார். எப்போது தள்ளுவது என்பதைக் காதுதான் சொல்லும். தள்ள மறந்தால் கரும்புகை வரும், பிளக்கில் கரி படியும், பெட்ரோல் வீணாய்ப் போகும். ஆகவே அந்நாளில் குளிர்கால மைலேஜ் டிரைவரின் கைப்பழக்கத்தையும் பொறுத்திருந்தது. கார்களின் வரலாற்றில் அந்தக் கைத்திறனுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றும் வழக்கமும் அக்காலத்தது. இன்றைய காருக்கு அது வீண். கிளம்பி மெதுவாக ஓட்டினாலே விரைவில் சூடேறும். 1998இல் வந்த ஹூண்டாய் சான்ட்ரோ போன்ற கார்களோடு எரிபொருளைப் பீய்ச்சும் முறை பரவியது. 2000ஆம் ஆண்டின் புகை விதிகளுக்குப் பின் புதிய கார்களில் கார்புரேட்டர் படிப்படியாக மறைந்தது. சோக் செய்த வேலையை இப்போது வெப்ப உணரியும் கணினியும் செய்கின்றன. குமிழ் போனாலும் கூடுதல் பெட்ரோல் போகவில்லை.

சூடேறிய பிறகும் தொடரும் காரணங்கள் இரண்டு. 35 டிகிரிக் காற்றைவிட 20 டிகிரிக் காற்று சுமார் 5 விழுக்காடு அடர்த்தியானது; அதே வேகத்தில் எதிர்ப்பும் அவ்வளவு கூடும். வெப்பம் 10 டிகிரி இறங்கினால் டயர் அழுத்தமும் ஒன்றரை பிஎஸ்ஐ அளவு குறையும். காற்றுப் பிடிக்காமல் விட்டால் டயர் கனமாக உருளும்.

இவ்வட்டாரத்தில் ஏசி இழப்பு குளிர் இழப்பைவிடப் பெரிது. கடும் வெயிலில், குறிப்பாகக் குறுகிய ஓட்டங்களில், ஏசி 25 விழுக்காட்டுக்கும் மேல் மைலேஜைக் குறைக்கக்கூடும். பொங்கல் விடுமுறையில் சரிந்த மைலேஜைப் பனியின் கணக்கில் எழுதுவதும் பிழை. சொந்த ஊருக்குத் திரும்பும் கார்கள் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசை கட்டும் நாட்கள் அவை. இன்ஜின் ஓட நிற்கும் காரின் மைலேஜ் சுழியம். இந்த வரிசைகளைக் குறைக்கவே, சுங்கக் கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் ஃபாஸ்டேக் வில்லை 2021 பிப்ரவரியில் கட்டாயமானது.

தமிழகத்தில் உண்மையான குளிர் இழப்பைக் காண உறைபனி விழும் உதகைக்குத்தான் போக வேண்டும். டீசலுக்குக் குளிரில் மெழுகு படியும் சிக்கலும் உண்டு. லடாக்குக்காக −33 டிகிரி வரை உறையாமல் பாயும் டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. ஹைபிரிட் கார்களில் குளிர் இழப்பு விழுக்காட்டளவில் பெட்ரோல் கார்களைவிட அதிகம். மின்கார்களிலும் குளிரில் ஓடும் தொலைவு குறைகிறது.