ஆலையும் ஆட்டக் கழகமும்



அரசர்களின் போர்களும் அமைச்சர்களின் உடன்படிக்கைகளுமே வரலாறு என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. இன்று அக்கருத்து மாறிவிட்டது. மக்கள் உண்ட உணவும், உடுத்த உடையும், உழைத்த உழைப்பும், ஓய்வு நேரத்தில் ஆடிய ஆட்டமும் வரலாற்றின் பகுதிகளே என்பதைக் கற்றோர் யாவரும் ஒப்புவர். அம்முறையில், ஆலைத் தொழிலாளரிடையே தோன்றிய உதைபந்தாட்டக் கழகங்களின் கதையை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஆலை ஒன்று ஒரு கழகத்தைத் தோற்றுவிக்கிறது. கழகம் வளர்ந்து புகழ் பெறுகிறது. பின்னர் ஆலையோ கழகமோ நலிவுறுகிறது. அவ்வேளையில் அக்கழகம் எவருக்கு உரியது? இக்கேள்வியை மனத்திற் கொண்டு, ருஷ்யாவில் ஒன்றும் இந்தியாவில் ஒன்றுமாக இரு கழகங்களின் வாழ்வை ஆராய்வோம்.

முதற்கண் இங்கிலாந்தைச் சிறிது நோக்குதல் வேண்டும். உதைபந்தாட்டத்தின் விதிகள் 1863 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வகுக்கப்பட்டன. தொடக்கத்தில் அது உயர்குடிப் பள்ளி மாணவரின் ஆட்டமாகவே இருந்தது. தொழிற்சாலைகளில் சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வு கிடைக்கத் தொடங்கிய பின்னரே அது உழைப்பாளரின் ஆட்டமாயிற்று. 1886 இல் வூல்விச் ஆயுதத் தொழிற்சாலையின் தொழிலாளர் அமைத்த குழுவே இன்று உலகறிந்த ஆர்சனல் கழகம். 1895 இல் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கப்பல் கட்டும் தொழிலகம் ஒன்று தன் ஊழியருக்காக ஒரு குழுவை அமைத்தது. 1900 இல் அக்குழு தொழிலகத்தின் பெயரைக் களைந்து, வெஸ்ற் ஹாம் என்னும் தன் வட்டாரத்தின் பெயரைச் சூடிக்கொண்டது. தொழிலகம் 1912 இல் மூடப்பட்டது. கழகமோ இன்றும் நின்று நிலவுகிறது. இந்தப் பெயர் மாற்றத்தை நேயர்கள் நினைவில் இருத்துவார்களாக. பின்னர் இது நமக்குப் பயன்படும்.

இங்கிலாந்திலிருந்து இவ்வாட்டம் இரு வழிகளிற் பரவியது. ஒன்று, துறைமுகங்களின் வழி. கப்பலோட்டிகளும் கடற்படையினரும் சென்றவிடமெல்லாம் பந்தும் சென்றது. 1957 வரை ஆங்கிலேயக் கடற்படைத் தளத்தைத் தாங்கிநின்ற திருகோணமலை மாவட்டத்தினராகிய நமக்கு இது புதுமையன்று. மற்றொன்று, ஆலைகளின் வழி. இலங்காஷயர் நெசவுப் பொறிகள் எந்த நாட்டுக்கு ஏற்றுமதியாயினவோ, அந்த நாட்டுக்கு அவற்றை இயக்க வல்ல ஆங்கிலேயரும் சென்றனர். அவர்களோடு உதைபந்தும் சென்றது.

ருஷ்யாவில் நிகழ்ந்தது இதுவே. மொஸ்கோவுக்குக் கிழக்கே ஒரெகோவோ என்னும் இடத்தில் மொரோசொவ் குடும்பத்தாரின் பெரும் பருத்தி ஆலைகள் இருந்தன. அங்கே 1885 இல் தொழிலாளர் மாபெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கூலியிலிருந்து ஓயாது தண்டப்பணம் பிடிக்கப்பட்டதே அவர்களின் மனக்குறை. அதன் பயனாக மறு ஆண்டிலேயே தண்டப்பணத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்று பிறந்தது. இத்தகைய கொந்தளிப்பின் பின்னரே அவ்வாலையில் மேலாளராக இருந்த சார்னொக் என்னும் ஆங்கிலேயக் குடும்பத்தார் தொழிலாளருக்கு உதைபந்தாட்டத்தைப் பழக்கினர். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கடைக்கும் அரசியற் கூட்டத்துக்கும் செல்லும் கால்களை ஆடுகளத்துக்குத் திருப்புதலே அவர்களின் நோக்கம். நோக்கம் எதுவாயினும் விளைவு நன்றாயிற்று. ஒரெகோவோ ஆலையின் குழு 1910 முதல் 1913 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து மொஸ்கோ நகரப் போட்டியில் வாகை சூடியது.

1917 ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் ஆலைகள் அரசுடைமையாயின. அப்பொழுதும் ஆலைக்கும் ஆட்டத்துக்கும் இருந்த உறவு அறவில்லை, மாறாக, வலுப்பெற்றது. மொஸ்கோவில் அமோ என்ற மோட்டார்த் தொழிற்சாலை 1916 இல் நிறுவப்பட்டது. சோவியத் நாட்டின் முதற் பாரவண்டிகள் 1924 நவம்பரில் அங்கிருந்து வெளிவந்தன. அதே ஆண்டிலேயே அத்தொழிலாளர் வட்டாரத்திற் பிறந்த உதைபந்தாட்டக் குழு 1936 இல் டோர்ப்பிடோ என்னும் பெயரைப் பெற்றது. தொழிற்சாலை பின்னர் ஸ்டாலின் பெயரையும், 1956 முதல் அதன் முன்னாள் இயக்குநர் லிகச்சொவ் பெயரையும் தாங்கி, ஸில் எனச் சுருக்கமாக அழைக்கப்பட்டது.

மொஸ்கோவின் ஏனைய பெருங் கழகங்கள் சிலவற்றைப் படையும் காவற்றுறையும் தாங்கின. டோர்ப்பிடோவைத் தாங்கியது பாரவண்டி ஆலை. அது 1960, 1965, 1976 ஆகிய ஆண்டுகளில் சோவியத் நாட்டின் முதன்மைப் பட்டத்தையும், ஆறு முறை சோவியத் கிண்ணத்தையும் வென்றது. அதன் பெருவீரர் எட்வர்ட் ஸ்ட்ரெல்ட்சோவ். அவர் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்து, தொழிற்சாலை அணியொன்றில் ஆடப் பழகி, 1953 இல் டோர்ப்பிடோவிற் சேர்ந்தவர். 1958 இல், உலகக் கிண்ணப் போட்டிக்குச் சிறிது முன்னர், பெண்ணொருத்தியின் மீது வன்முறை புரிந்தார் என்ற வழக்கிற் கைதாகி, பன்னிரண்டு ஆண்டுத் தண்டனை பெற்றார். அத்தீர்ப்பின் நேர்மை குறித்து இன்றும் வாதம் ஓயவில்லை. 1963 இல் விடுதலை பெற்ற அவர் ஸில் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1965 இல் மீண்டும் களமிறங்கினார். அவ்வாண்டு டோர்ப்பிடோ பட்டம் வென்றது. உலகம் கைவிட்ட ஒருவனுக்கு ஆலை வேலை கொடுத்தது. கழகம் இடம் கொடுத்தது. அக்கழகத்தின் விளையாட்டரங்கம் இன்று அவர் பெயரையே தாங்குகிறது.

இனி இந்தியாவுக்கு வருவோம். பஞ்சாப் மாநிலத்தில், ஜலந்தருக்கும் லூதியானாவுக்கும் இடையே, பெருவழியின் மருங்கில் அமைந்த பட்டினம் பக்வாரா. முன்னாளில் அது கபூர்தலா சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கே 1946 இல் எழுந்த பருத்தி நெசவாலை அச்சமஸ்தானத்து மன்னர் ஜகத்ஜித் சிங்கின் பெயரைத் தாங்கியது. அப்பெயரின் சுருக்கமே ஜே.சி.ரி. என்பது. பிரிவினையின் துயரைச் சுமந்த நிலம் அது. சியால்கோட் நகரிலிருந்து இடம்பெயர்ந்த கைவினைஞர் பலர் ஜலந்தரிற் குடியேறிப் பந்தும் மட்டையும் செய்யும் தொழிலை அங்கே நிலைநாட்டினர். ஆக, பந்து செய்வோரும் பந்தாடுவோரும் அருகருகே வாழ்ந்த வட்டாரத்தில் 1971 ஆம் ஆண்டு அந்நெசவாலை தன் உதைபந்தாட்டக் கழகத்தை நிறுவியது.

அக்காலத்தில் இந்திய உதைபந்தாட்டத்தின் தலைநகர் கல்கத்தாவே. அங்கே மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் இலட்சக்கணக்கான மக்களின் பற்றைப் பெற்றிருந்தன. சிறு பட்டினத்து நெசவாலை ஒன்று அவற்றோடு மோதி வெல்லும் என எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். ஆயினும் ஆலையிடம் ஒரு வலிமை இருந்தது. விளையாட்டினால் மட்டும் ஒருவன் குடும்பத்தைக் காக்க இயலாத நாளில், ஆட்டக்காரனுக்கு நிலையான வேலையையும் மாதச் சம்பளத்தையும் அதனாற் கொடுக்க முடிந்தது. கிராமத்து உழவர் மகன் தந்தையின் எதிர்ப்பின்றிப் பந்தை நாடுவதற்கு இதனைவிட வேறென்ன வேண்டும்?

பக்வாராவிலேயே பிறந்த இந்தர் சிங் 1974 இல் இக்கழகத்திற் சேர்ந்தார். அவர் 1964 ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றபோது இரு கோல்கள் அடித்தவர். 1974-75 ஆம் ஆண்டுச் சந்தோஷ் கிண்ணப் போட்டியில் பஞ்சாப் மாநிலத்துக்காக இருபத்து மூன்று கோல்கள் அடித்துப் பெரும் புகழ் ஈட்டினார். 1888 இல் சிம்லாவில் தொடங்கிய தொன்மை வாய்ந்த டியூராண்ட் கிண்ணத்தை ஜே.சி.ரி. 1976 முதல் 1996 வரையான காலத்தில் ஐந்து முறை வென்றது.

அதன் பொற்காலம் தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கேரளத்தின் திருச்சூரில் ஏழ்மையிற் பிறந்த ஐ. எம். விஜயனும், சிக்கிம் மலைநாட்டிலிருந்து வந்த பாய்ச்சுங் பூட்டியாவும் அப்போது ஒரே அணியில் ஆடினர். தென்கோடியும் வடகோடியும் ஒரு நெசவாலையின் சட்டையை அணிந்து பஞ்சாபிற் கைகோத்து நின்றமை எண்ணி மகிழத்தக்கது. இந்தியாவின் முதலாவது தேசிய உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி 1996-97 இல் நடைபெற்றது. பயிற்றுநர் சுக்விந்தர் சிங்கின் வழிகாட்டலில் ஜே.சி.ரி. அதன் முதல் வெற்றியாளராயிற்று. அப்போட்டியில் மிகுதியான கோல்கள் அடித்தவர் பூட்டியா. அவர் அடித்தவை பதினான்கு. பின்னாளில் இந்திய அணியின் தலைவராகிய சுனில் சேத்ரியும் 2005 முதல் 2008 வரை இங்கேயே ஆடினார். 2006-07 இல் கழகம் தேசியப் போட்டியில் இரண்டாம் இடத்தைப் பெற்றது.

அதன் பின் சரிவு தொடங்கிற்று. 2010-11 ஆம் ஆண்டுப் போட்டியிற் கழகம் கடைநிலைக்கு இறங்கி, மேற்பிரிவில் தன் இடத்தை இழந்தது. 2011 ஜூன் மாதத்தில், நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த அக்கழகத்தை நிருவாகம் கலைத்துவிட்டது. ஆட்டங்களுக்குத் தொலைக்காட்சியிலும் மக்களிடத்திலும் போதிய கவனம் இல்லை என்பதும், ஆகவே நிறுவனத்துக்கு அதனால் விளம்பரப் பயன் கிட்டவில்லை என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டிலேயே பம்பாயில் மோட்டார் நிறுவனமொன்றின் கழகமாகிய மகிந்திரா யுனைற்றெட் இவ்வாறே மறைந்தது.

இங்கே ஒரு வேற்றுமையை நாம் நுணுகி நோக்கவேண்டும். பக்வாராவிற் கழகம் கலைக்கப்பட்டபோது ஆலை மூடப்பட்டிருக்கவில்லை. ஆலை இருந்தது; கழகம் மாண்டது. மொஸ்கோவில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. சோவியத் நாடு சிதறிய பின்னர் ஸில் ஆலை நலிவுற்று, 1996 இல் டோர்ப்பிடோவை லுஷ்னிகி விளையாட்டரங்க நிறுவனத்துக்கு விற்றது. மறு ஆண்டில் ஆலை அதே பெயரோடு வேறோர் அணியைத் தொடங்கவே, ஒரு நகரில் இரு டோர்ப்பிடோக்கள் நின்றன. இரண்டாவது அணி கைமாறிப் பெயர்மாறி 2010 இல் ஒழிந்தது. மூத்த கழகமோ 2006 இல் உயர்பிரிவிலிருந்து விழுந்து, 2009 இல் தொழில்முறையல்லாத பிரிவு வரை தாழ்ந்தது. ஆயினும் அது சாகவில்லை. படிப்படியாக ஏறி, 2014 இலும் 2022 இலும் மீண்டும் உயர்பிரிவை எட்டியது. இதனிடையே ஆலையின் உற்பத்தி முற்றாக ஓய்ந்து, அதன் நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. அங்கே ஆலை மாண்டது, கழகம் இருக்கிறது.

இவ்வேற்றுமைக்குக் காரணம் என்ன? பணமா? அன்று, டோர்ப்பிடோ பணமின்றியே பல ஆண்டுகள் வாடியது. வெற்றியா? அதுவும் அன்று, பக்வாராவின் வெற்றிகள் சிறியனவல்ல. கழகம் யாரால் தன்னுடையது என உணரப்பட்டது என்பதே காரணம் என்பது என் கருத்து. டோர்ப்பிடோவைத் தந்தையும் மகனும் பேரனும் தம் குடும்பச் சொத்தாகக் கருதினர். வெஸ்ற் ஹாம் உரிய காலத்தில் ஊரின் பெயரை ஏற்று, தனித்து நிற்கும் அமைப்பாயிற்று. ஜே.சி.ரி. கழகமோ பெயராலும் பொருளாலும் நிருவாகத்தாலும் இறுதிவரை ஆலையின் ஓர் உறுப்பாகவே இருந்தது. உறுப்பை வெட்டும் உரிமை உடலுக்கு உண்டன்றோ? பக்வாரா மக்கள் அக்கழகத்தைப் போற்றவில்லை என்று நான் கூறவில்லை. அவர்களது பற்றுக்குச் சட்டத்திலோ ஏட்டிலோ ஓர் இடம் இருக்கவில்லை என்றே கூறுகிறேன். கலைப்பதா காப்பதா என்று முடிவு செய்த மேசையில் அவர்களுக்கு ஆசனம் இருக்கவில்லை.

இதனாற் புரவலரைப் பழித்தல் முறையாகாது. ஆலை இல்லையேல் அக்கழகமே பிறந்திராது. நாற்பது ஆண்டுகள் எத்தனையோ இளைஞருக்கு அது சோறும் பெயரும் அளித்தது. ஆனால், கொடுத்தவர் கையை எடுத்துக்கொள்ளும் நாள் வரும் என்பதைப் பெற்றவர் முன்னரே எண்ணியிருத்தல் வேண்டும்.

கொட்டியாரக் குடாவின் தென்பாலுள்ள எங்கள் தோப்பூர், வயலையும் களப்பையும் நம்பி வாழும் ஊர். பேராலை எதுவும் அங்கில்லை. எனினும், ஆலை மூடப்படுவதன் பொருள் இம்மாவட்டத்தாருக்குத் தெரியாததன்று. 1960 இல் தொடங்கிய கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை 1993 இல் மூடப்பட்டதை நாம் கண்டோம். அத்தகைய ஒன்றை மட்டும் நம்பி நிற்பது எதுவாயினும் அதனோடு சேர்ந்தே சாயும்.

ஆகவே, நம் ஊர்களிற் கழகம் நடத்தும் இளைஞருக்குக் கூறத்தக்கது ஒன்றுண்டு. வணிகரோ நிறுவனமோ பந்தும் சட்டையும் வழங்க முன்வந்தால் நன்றியோடு பெற்றுக்கொள்க. ஆனால், கழகத்தின் பெயர் ஊரின் பெயராக இருக்கட்டும். மைதானத்தின் உறுதி பொதுவில் இருக்கட்டும். உறுப்பினர் பதிவேடும் கணக்கேடும் உங்கள் கையில் இருக்கட்டும். ஒவ்வோர் உறுப்பினனும் சிறு தொகையேனும் சந்தாவாகச் செலுத்தி, ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமையைப் பெற்றிருக்கட்டும். அந்த உரிமை பக்வாராவின் இரசிகருக்கு இருந்திருப்பின், 2011 ஜூன் மாதத்தில் கழகத்தைக் கலைக்கும் முன் அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்.