பழுது எங்கே இருக்கிறது?



லயத்து வீட்டில் பியூஸ் போய்விட்டால் நாம் என்ன செய்கிறோம்? புதுக் கம்பியைக் கட்டி விளக்கைப் போடுகிறோம். மறுநாளும் போனால், சிலர் இன்னும் தடித்த கம்பியாகப் பார்த்துக் கட்டிவிடுவார்கள். விளக்கு எரியும். ஆனால் பழுது போகவில்லை; அது சுவருக்குள் அப்படியே இருக்கிறது. பியூஸ் ஏன் போயிற்று என்று கேட்காத வீட்டில் என்றைக்காவது நெருப்பு வந்துதான் தீரும்.

மருத்துவமனையிலும் இதே கதைதான். அங்கே பழுதானது விளக்கல்ல, நோயாளியின் உடம்பில் வேலை செய்யும் கருவி என்றால் அதன் விலை என்ன? இதை உலகத்துக்குக் கற்பித்த ஒரு வரலாற்றை இன்று பார்ப்போம்.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம். கனடா நாட்டின் அணுசக்தி நிறுவனம் 'தெராக்-25' என்னும் அத்தகைய இயந்திரம் ஒன்றைச் செய்து, 1980-களின் தொடக்கத்தில் விற்பனைக்கு விட்டது. அமெரிக்காவில் 5, கனடாவில் 6, ஆக 11 இயந்திரங்கள் நிறுவப்பட்டன. அது இரண்டு வகையில் வேலை செய்யும். மேலாக இருக்கும் கட்டிக்கு மென்மையான எலெக்ட்ரான் கதிர். ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு எக்ஸ்ரே. எக்ஸ்ரேக்குப் பன்மடங்கு வலுவான கதிர் வேண்டும். அந்த வலுவைத் தாங்கி எக்ஸ்ரேயாக மாற்ற ஓர் உலோகத் தடுப்பு நடுவில் வந்து நிற்க வேண்டும். தடுப்பு வராமல் வலுவான கதிர் மட்டும் பாய்ந்தால் ஆபத்து.

இதற்கு முந்திய தெராக்-20 இயந்திரத்தில், தடுப்பு சரியாக வந்து நிற்காவிட்டால் கதிரை வெட்டிவிடும் தனிக் காவல் அமைப்புகள் இருந்தன. ரப்பர் ஆலையில் உருளை இயந்திரத்துக்கு முன்னால் காவற்கம்பி வைத்திருப்பதைப் போல என்று வைத்துக்கொள்வோம். தெராக்-25-இல் அந்தக் காவலை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் கணிப்பொறியின் கட்டளைகளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

1985 ஜூன் மாதம் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பெண்மணிக்குச் சிகிச்சை நடந்தபோது உடம்பு தீய்ந்தது போல் இருந்தது. அதை அவர் அங்கேயே சொன்னார். அப்படி நடக்க வழியில்லை என்று பதில் வந்தது. ஜூலையில் கனடாவின் ஹாமில்ட்டன் நகரில் இரண்டாவது விபத்து. இயந்திரம் நின்று நின்று போயிற்று. திரையோ 'கதிர் செல்லவில்லை' என்று காட்டியது. இயக்கியவர் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தினார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த இயந்திரம் அடிக்கடி ஏதாவது பிழை எண்ணைக் காட்டி நிற்பதும், பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடுவதும் வாடிக்கையாகவே இருந்தன.

நிறுவனத்தார் வந்து பார்த்தார்கள். பழுதை அவர்களால் திரும்ப வரவழைக்க முடியவில்லை. ஒரு சிறிய சுவிட்சின் மீது சந்தேகப்பட்டு, அந்தப் பகுதியை மாற்றியமைத்து, பாதுகாப்புப் பெரிதும் கூடிவிட்டது என்று சொல்லிப் போனார்கள். உண்மையான பழுது அங்கேயே இருந்தது.

1986 மார்ச் 21. டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் நகரம். இயந்திரத்தை இயக்கிய பெண் நல்ல அனுபவசாலி. விரல்கள் வேகமாக ஓடும். எலெக்ட்ரானுக்கு உரிய எழுத்துக்குப் பதில் எக்ஸ்ரேயின் எழுத்தைத் தட்டிவிட்டு, உடனே திருத்தினார். திரையில் 'பிழை 54' என்று வந்தது. கொஞ்சக் கதிர்தான் சென்றது என்று திரை காட்டவே, தொடர்வதற்கு அழுத்தினார். உள்ளே படுத்திருந்தவர் முதல் அடியிலேயே மின்சாரம் தாக்கியது போல் துடித்து எழுந்துகொண்டிருந்தார்; அதற்குள் இரண்டாம் அடியும் விழுந்தது. உள்ளே நடப்பதைக் காட்டும் தொலைக்காட்சிக்கு அன்று இணைப்பு இல்லை. பேசும் கருவியும் கெட்டிருந்தது. அவர் கதவைத் தட்டிய பிறகுதான் வெளியே தெரிந்தது. வழக்கமாக ஒரு வேளைக்கு 200 ராட் அளவு கொடுப்பார்கள். அவர்மேல் பாய்ந்தது 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கலாம் என்று பின்னர் கணக்கிட்டார்கள். சில மாதங்களில் அவர் இறந்துபோனார்.

இயந்திரத்தை நிறுத்திச் சோதித்தார்கள். நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரு நாள் முழுவதும் பார்த்தும் 'பிழை 54' வரவில்லை. மின் கசிவு உண்டா என்று வெளியார் சோதித்தார்கள், அதுவும் இல்லை. ஆகவே ஏப்ரல் 7-இல் இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கியது. நான்கே நாளில், ஏப்ரல் 11-இல், அதே இடத்தில் இன்னொருவர் அடிபட்டார். மூன்று வாரத்தில் அவரும் மாண்டார்.

நேயர்களே, இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர், இயந்திரத்தை உடனே நிறுத்தினார். பிறகு அதை இயக்கிய பெண்ணையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "அன்று செய்ததை அப்படியே செய்து காட்டுங்கள்" என்றார். திரும்பத் திரும்பச் செய்தார்கள். கடைசியில் தெரிந்தது: தட்டச்சு வேகத்தில்தான் சூட்சுமம். ஏறக்குறைய எட்டு நொடிக்குள் திருத்தினால், திரையில் மாற்றம் தெரியும். உள்ளே இயந்திரம் முழுவதும் மாறாது. சோதிக்க வந்த பொறியாளர்கள் நிதானமாகத் தட்டியதால் பழுது அவர்களுக்குத் தென்படவில்லை. அன்றாடம் வேலை செய்யும் கைக்குத்தான் அது தென்பட்டது.

பின்னர் இன்னொன்றும் வெளியாயிற்று. அதே பழுது பழைய தெராக்-20-இலும் இருந்ததாம்! அங்கே பியூஸ் போய் இயந்திரம் நின்றதே தவிர, நோயாளி அடிபடவில்லை. காவற்கம்பியின் அருமை அதை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

1987 ஜனவரியில் ஆறாவது விபத்து, வேறொரு கணிப்பொறிப் பிழையால் நடந்தது. அதற்குப் பிறகே எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவைக்கும்படி அதிகாரிகள் கூறினர். தனிக் காவல் அமைப்புகளும் சேர்க்கப்பட்டன. கருவியால் மரணமோ பெருங்காயமோ நேர்ந்தால் மருத்துவமனைகள் அறிவித்தாக வேண்டும் என்று 1990-இல் அமெரிக்கா சட்டம் செய்தது. நம் மலேசியாவிலும் கதிர்வீச்சுக் கருவிகளுக்கு 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டமும், பொதுவாக மருத்துவக் கருவிகளுக்கு 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டமும் உள்ளன.

பழுது திரும்ப வரவில்லை என்பதால் பழுது இல்லை என்று ஆகாது. காரணம் தெரியும்வரை கருவியை ஒதுக்கி வைக்க வேண்டும்; சோதிக்கும்போது அதைக் கையாண்டவரும் உடனிருக்க வேண்டும். ஓர் ஊரில் நடந்ததை மற்ற ஊர்களுக்கும் சொல்ல வேண்டும். டைலர் நகரத்தார் கேட்டபோது, இதற்கு முன் இப்படி விபத்து நடந்ததாகத் தெரியவில்லை என்றே நிறுவனம் சொல்லியிருந்தது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. அந்தக் காலத்தில் தோட்டத்து மருத்துவமனையில் டிரெஸ்ஸர் ஐயா சொன்னால் சரி என்று வாய்மூடி இருந்து பழகியவர்கள் நாம். டாக்டரிடமோ மிஸ்ஸியிடமோ, "சுடுகிறது, வலிக்கிறது, போன தடவை இப்படி இல்லை" என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. தெராக் வரலாற்றில் முதல் எச்சரிக்கை எந்தக் கருவியிலிருந்தும் வரவில்லை. படுத்திருந்த ஒரு நோயாளியின் வாயிலிருந்துதான் வந்தது. அன்றே யாராவது காது கொடுத்திருந்தால், மற்றவர்கள் தப்பியிருக்கக்கூடும்.